லெனாட் அண்ணையின் ஒலிபெருக்கி ஓட்டோ

குருநகரில் லெனாட் அண்ணையின் ஓட்டோவைத் தெரியாதவர் இல்லை. மேலே ஒலிபெருக்கி கட்டி, மரண அறிவித்தல் சொல்லிப் போகும் ஓட்டோ அது. ஒழுங்கைக்குள் அது திரும்பினால் தொலைக்காட்சி நிற்கும், சண்டையும் நிற்கும். செத்தது யாரென்று கேட்டபின்தான் சண்டை தொடரும்.

எங்கள் வட்டார ஆலோசனைக் குழுவில் அவரும் ஒருவர். ஆண்டுக்கணக்காகக் குழுவின் வேலை, மாநகர சபைக்கு ஆலோசனை சொல்வதும் தேநீர் குடிப்பதும். போன வருடம் சபை புதிதாக ஒன்றைச் சேர்த்தது: இனிச் சனங்களுக்குச் செய்தி சொல்வதும் குழுவின் பொறுப்பு. முதலில் பரீட்சார்த்தம். தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்ற கூட்டத்துக்கு ஐம்பது பேராவது வராவிட்டால் பொறுப்பும் போய்விடும், இடத்தையும் சபையே முடிவு செய்துவிடும்.

சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நாங்கள். கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

“நான் ஓட்டோவிலை சொல்லுறன்,” என்றார் லெனாட் அண்ணை.

செயலாளர் தயாளினி பதறினார். “ஐயோ அண்ணை, உது செத்தவீட்டு ஓட்டோ!”

“பிள்ளை, உங்கடை நோட்டீசை ஆடு மட்டுந்தான் தேடி வருது.”

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டார். மண்டபம், நேரம் எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் இருபது வருடப் பழக்கம் விடவில்லை. “இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்று அதே துயரக் குரலில் முடித்துவிட்டார். தூரத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது அந்தக் கடைசி வரிதான்.

நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்தது. மீன் விற்கும் அருமைநாயகி அக்கா கறுப்புச் சேலையில் வந்து நின்றார்.

“எட லெனாட், ஆர் மோசம் போனது?”

“ஒருத்தருமில்லை அக்கா. கூட்டம்.”

“ஒருத்தரும் சாகாமலே என்னைச் சேலை மாத்த வைச்சிட்டியே, அறுவானே! சரி, வந்திட்டன். தாங்கியை எங்கடை ஒழுங்கை முடக்கிலை வை. இல்லாட்டி அழுதுபோட்டுத்தான் போவன்.”

தொண்ணூற்றிரண்டு பேர். தாங்கி அந்த முடக்கிலேயே வந்தது. பொறுப்பும் குழுவிடம் நின்றது. அன்றிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் நேரம், குப்பை எடுக்கும் நாள், நுளம்புக்குப் புகையடிப்பது எல்லாம் “குருநகரை வசிப்பிடமாகக் கொண்ட அனைவருக்கும்” என்று தொடங்கி, அந்த ஒரே சோகக் குரலில்தான் எங்களை வந்தடைந்தன.

போன செவ்வாய் காலை ஓட்டோ வந்தது. “குருநகரை வசிப்பிடமாகக் கொண்ட…” என்று கேட்டதும், பவுசர் நேரம்தான் என்று வாளிகளோடு முடக்குக்கு ஓடினோம். குரல் மட்டும் அவருடையதில்லை, மருமகன் ஜெரிசனுடையது. லெனாட் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது.

அருமைநாயகி அக்கா வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

“பார், இண்டைக்கும் ஒருத்தர் மிச்சமில்லாமல் கூப்பிட்டிட்டான்.”

பவுசர் பத்து மணிக்கு வந்தது. தாங்கியடியில் வாளிகள் மட்டும் வரிசையாக நின்றன.