குறைந்திருக்கிறது என்று சொன்னேன்

பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில், செல்போன் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன லேபில் நான் டெக்னீஷியன். ரத்தம், சளி, சிறுநீர் எது வந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும். எங்கள் மைக்ராஸ்கோப்பின் வலது கண் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டதால் இடது கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டேன். அதில் நான் அதிகம் பார்த்தது என் அண்ணனின் சிறுநீரைத்தான்.

அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். அப்பா போன பிறகு அவன் சம்பளத்தில்தான் நான் இந்தப் படிப்பைப் படித்தேன். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், ஷெட் கூரையில் விரிசல் விட்ட ஷீட்டை மாற்ற அவனை ஏறச் சொன்னார்கள். கால் வைத்த ஷீட் உடைந்து கீழே விழுந்தான். உயிர் பிழைத்தான். ஆனால் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே எந்த உணர்ச்சியும் இல்லை. காண்ட்ராக்டர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

சிறுநீர் தானாக வராது. குழாய் போட்டு, கட்டிலில் தொங்கும் பையில் சேர வேண்டும். குழாய் எப்போதும் உள்ளே இருந்தால் கிருமி வரத்தான் செய்யும், அதற்காக மருந்து வேண்டாம், காய்ச்சல் வந்தால் மட்டும் பார்ப்போம் என்றார் டாக்டர். காய்ச்சல் மாதம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணி ஒரு சின்ன பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வருவார். நான் அதை மெஷினில் வைத்துச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் குனிவேன்.

ஒருநாள் ரத்தம் எடுப்பதற்காக அண்ணனையே ஆட்டோவில் கூட்டி வந்தோம். மத்தியான நேரம், லேபில் யாரும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் ஸ்லைடு பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அவ்ளோ நேரமா பாக்கற? எனக்கும் காட்டு."

மைக்ராஸ்கோப்பை மேஜை ஓரத்துக்கு இழுத்தேன். அவன் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் தெர்லயே."

"இடது கண்ணு வெச்சிப் பாருண்ணா. உருண்டை உருண்டையா தெரியுதா? அது சீழ் அணு. அதுக்கு நடுவுல குச்சி மாதிரி சின்னது சின்னதா போவும் பாரு."

அவன் இடது கண்ணை வைத்தான்.

"அய்ய! ஓடுதுடா! எத்தினி கீது!"

"எல்லாம் ஓடல. சிலது நின்ன எடத்துலயே நடுங்கினு இருக்கும். அதுங்களத் தண்ணி ஆட்டுது, அவ்ளோதான். நேரா போய், பொரண்டு, வேற பக்கம் திரும்பிப் போவுது பாரு, அதுதான் உசுரோட கீறது."

"நகந்தாதான் உசுரா?"

கண்ணை எடுக்காமலேயே கேட்டான். பிறகு சிரித்தான். "என்னைய ஒரு வார்த்தை கேக்காம குடி வந்துட்டானுங்க பாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், "நம்ம குடித்தனக்காரனுங்க எப்படி கீறானுங்க?" என்றுதான் கேட்பான். மாத்திரை வேலை செய்திருந்தால் ஸ்லைடில் ஓட்டம் அடங்கியிருக்கும். காலியாகிட்டானுங்கண்ணா என்பேன். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிடுவான்.

ஒரு வருஷத்துக்குள் மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கேட்காமல் போயின. சென்னைக்கு அனுப்பிய சாம்பிளின் ரிப்போர்ட் வந்தபோது, எல்லா மாத்திரைக்கும் நேராக, இது வேலை செய்யாது என்றே இருந்தது. ஊசி மருந்து இரண்டு மட்டும்தான் மிச்சம். மறுபடி காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை அங்கே இருந்தவன். புரட்டிப் போட வார்டு ஆள் வராமல் முதுகில் புண் வந்தது. அண்ணி கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்ததில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிற்று. மாலையில் நான் ரயிலேறிப் போய்க் கொஞ்ச நேரம் அண்ணியை மாற்றிவிட்டு, கடைசி ரயிலில் திரும்புவேன். திரும்பி வந்தபோது அண்ணன் சொன்னான்: "செத்தாலும் ஊட்லயே சாவறேன். அங்க மட்டும் வேணாம்."

அடுத்த காய்ச்சல் வந்தபோது அண்ணி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் மிச்சம் இருந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் நானே போய் சாம்பிள் எடுத்து வந்தேன். ஸ்லைடை வைத்துக் குனிந்ததும் தெரிந்துவிட்டது. ஒன்றுமே அடங்கவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சீழ் அணுக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. இடைவெளியெல்லாம் அதே ஓட்டம்.

மாலையில் வீட்டுக்குப் போனேன். அண்ணி வேலையிலிருந்து வந்து கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் போர்வைக்குள்ளிருந்து தலையைத் திருப்பினான்.

"கொறஞ்சிருக்கா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. எனக்கு அந்த வார்டின் வாசனையும் கடைசி ரயிலும், லீவு கேட்டால் லேப் முதலாளி அம்மா பார்க்கும் பார்வையும் நினைவுக்கு வந்தன. அண்ணனுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது முழுசும் உண்மையில்லை.

"கொறஞ்சிருக்குண்ணா. இன்னும் ரெண்டு நாள் மாத்திரை போட்டா சரியாயிடும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

இரண்டாம் நாள் காலையில் குளிர் தூக்கிப் போட்டது. மத்தியானத்துக்குள் என்னை அடையாளம் தெரியாமல் காண்ட்ராக்டர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, ரெண்டு நாள் முந்தி வந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த சின்ன டாக்டர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் அண்ணி லேபுக்கு வந்தார். பிரிக்காத குழாய்களும் பைகளும் ஒரு கவரில் இருந்தன. வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். கொடுத்த பிறகும் போகவில்லை.

"தம்பி, அன்னிக்கு நெசமாவே கொறஞ்சிருந்துச்சா?"

"இல்ல அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அழுகைக்கும் காத்திருந்தேன்.

"நெத்தியத் தொட்டுப் பாத்தேன் நானு. கொதிச்சிக்கினு இருந்துச்சி. கொறஞ்சிருக்குன்னு நீ சொல்றப்ப, அது எப்படின்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சி." கொஞ்சம் நிறுத்தினார். "கேக்கல. கேட்டா மறுபடி அந்தத் தரையில போய்ப் படுக்கணுமேன்னு இருந்துச்சி."

"நாந்தான் அண்ணி சொன்னேன். தப்பு என்னுது."

"நீ சொன்ன. நான் நம்புற மாதிரி இருந்துக்கினேன்."

வாசலில் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து நின்றார். அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு வழி விட்டார். ரெண்டாவது ஷிப்ட், கம்பெனி பஸ் வந்துடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு போடுகிறார். வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அதைப் பற்றி மட்டும் அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.