இருமியது யார்?

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவள் நான். கையில் ஒரு பெண்குழந்தை. இரவானால் அதற்கு மூக்கடைத்துக்கொள்ளும், விடிய விடிய அழும். கணவர் வேறொரு தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார். அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. இருட்டோடு எழுந்து கஞ்சி வைத்து, குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, நாள் முழுக்கக் குனிந்தபடியே காய் எடுத்து, திரும்பி வந்தால் ஈர விறகோடு மல்லுக்கட்ட வேண்டும். நீ தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவர்களும்தான் தூங்கவில்லையே.

எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ரேடியோ நாடகம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரருடைய பேட்டரி ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மர்ம நாடகம் வாராவாரம் வரும். கொய்யா மரத்தில் கம்பியைக் கட்டி, அதை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் குரல் தெளியும். கதை இதுதான்: ஒரு பெரிய வீடு. மாடியில் பூட்டிய அறை. அந்த வீட்டு மூத்த மகன் லாரி விபத்தில் செத்துப்போனதாக ஊரே நம்புகிறது. ஆனால் பூட்டிய அறைக்குள் யாரோ இருமுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த இருமலோடு நாடகத்தை நிறுத்திவிடுவார்கள். இருமுவது யார்? அடுத்த ஞாயிறு வரை ஏலக்காட்டில் எங்களுக்கு அதுதான் பேச்சு.

இருமுவது மூத்த மகன்தான் என்பது என் கட்சி. நான் சும்மா சொல்லவில்லை. மகன் செத்த துக்கத்தில் இருக்கிற அம்மா, இரண்டு வாரமாகப் பாகற்காய் வறுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் பாகற்காய் தின்பவன் மூத்தவன் ஒருவன்தான் என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பிறகு யாருக்காக வறுக்கிறாள்?

எதிர்க்கட்சி, எங்கள் மதினி. எங்கள் ஊரில் அண்ணன் முறையாகும் ஒருவரின் மனைவி, லயத்தில் எனக்கு அடுத்த வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தண்ணீர்க் குழாயில் யார் குடம் முன்னால் என்பதில் தொடங்கிய பகை, நாங்கள் இரண்டு பேரும் வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை என்ற அளவுக்குப் போயிருந்தது. நாடகத்தைப் பற்றி மட்டும் பேசுவோம், அதையும் சண்டையாகத்தான் பேசுவோம். அவள் கணக்கப்பிள்ளை என்பாள். இருமல் தொடங்கிய வாரத்திலிருந்து அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளையின் குரலே கேட்கவில்லையாம். அவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று நாடகத்திலேயே சொன்னார்களே என்பேன் நான். எந்த ஊரில் மாசக்கணக்காகக் கல்யாணம் நடக்கிறது என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மற்ற பெண்களும் பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிந்து நின்றார்கள். வாயால் எடுக்கிற காயை நிறுக்க முடியாது என்று கங்காணி தினமும் கத்துவார். கத்திவிட்டு, போகிற போக்கில், "அந்த வீட்டுத் தோட்டக்காரன் மேலயும் ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று நாடகத்தைப் பற்றித் தன் சந்தேகத்தையும் சொல்லிவிட்டுப் போவார்.

வருகிற ஞாயிறோடு நாடகம் முடிகிறது என்று சொல்லியிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஏலத்தில் காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் இருக்கும். கையை உள்ளே விட்டேன். செடித் தண்டோடு தண்டாகப் பச்சை நிறத்தில் சுருண்டு கிடந்தது விரியன். புறங்கையில் தீ வைத்தது போல் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. மிச்ச நிரையை இன்றைக்கு எடுக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது.

மழையில் சேறாகிவிட்டதால் ஜீப் காடு வரைக்கும் ஏறாது. ஒரு கம்பில் கம்பளியால் தூளி கட்டி, கம்பை நான்கு ஆண்கள் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். கை வீங்கிக்கொண்டே வந்தது. பாம்பு கடித்தவர்கள் கண்ணை மூடிவிடக் கூடாது, தூங்கினால் விஷம் ஏறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் கூட வந்த பெண்கள் கன்னத்தைத் தட்டினார்கள், சாமி பெயரையெல்லாம் சொன்னார்கள். எனக்கோ தூளி ஆடுவது சுகமாக இருந்தது. யாரோ என்னைச் சுமக்கிறார்கள், நான் நடக்க வேண்டியதில்லை. "பிள்ளைய நினைச்சுப் பாருடி" என்று ஒருத்தி அழுதாள். நினைத்துப் பார்த்தேன். இரவெல்லாம் அழுவதுதான் நினைவுக்கு வந்தது, இன்னும் அலுப்பாக இருந்தது. ஒரு தாய் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவ்வளவு களைத்துப் போயிருந்தேன். போதும், விட்டுவிடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல்.

"கணக்கப்பிள்ளைதாண்டி."

கண்ணைத் திறந்தேன். மதினி தூளியோடு ஒட்டி வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"செத்தவன் வந்து இருமுறானாம்ல. அறிவிருக்கவ யாராச்சும் சொல்வாளா?"

"பாகக்கா..." என்றேன். நாக்குக் குழறியது.

"பாகக்கா கணக்கப்பிள்ளைக்கும் புடிக்கும். சக்கர வியாதிக்காரன் பாகக்கா திங்க மாட்டானா?"

அந்த ஆளுக்குச் சர்க்கரை வியாதி என்று நாடகத்தில் எந்த இடத்திலும் வரவில்லை. இவளாகக் கட்டிவிடுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் தலையைத் தூக்கிவிட்டேன். அது பொய் என்று நிரூபித்துவிட்டுத்தான் படுத்தேன். மறுபடி கண் சொருகியது. உடனே, இருமுவது சின்ன மருமகள் என்றாள். அதற்கும் பதில் சொன்னேன். அடுத்தது, மாடியில் ஆளே இல்லை, வயசான ஆடு ஒன்று கட்டிக் கிடக்கிறது என்றாள். தூளி சுமந்தவர்களில் ஒருவர் சிரித்த சிரிப்பில் கம்பு சரியப் பார்த்தது. கட்சி மாறுகிறோமே என்ற வெட்கமே இல்லாமல் அடித்துவிட்டுக்கொண்டே வந்தாள். என்னைக் கோபப்படுத்த எது வேண்டும் என்று உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஜீப்பில் அவள் மடியில் என் தலை. டிரைவர் மலையாளி. நாடகம் கேட்டதே இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் நெடுக எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி மலையில் பொறுக்க முடியாமல் சொன்னார். "சேச்சி, எனிக்கு தோணுது அது அம்மையாணு." அந்த வீட்டு அம்மாதான் இருமுகிறாளாம்.

மதினியும் நானும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தோம். அவள்தான் கீழே அடுப்படியில் பாகற்காய் வறுத்துக்கொண்டிருக்கிறாளே, மாடியில் எப்படி இருமுவாள்? எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. அதன்பின் டிரைவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். கை கனத்ததே தவிர, உயிருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் டாக்டர் வந்து, இந்தப் பச்சை விரியன் கடித்துப் பெரும்பாலும் யாரும் சாவதில்லை, தூங்கவிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நான் மதினியைப் பார்த்தேன். வழியெல்லாம் கத்தியதில் அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம் காய்ந்து கிடந்தது.

"அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். "தூங்க விட்டிருந்தா நீ போயிருப்ப."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டருக்குப் பாம்பைத் தெரியும். என்னை மதினிக்குத்தான் தெரியும். அன்றைக்குத் தூளியில் நான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்று அவள் பார்த்திருக்கிறாள். அதை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் வாயால் சொன்னதில்லை. குழந்தையைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள், நீ கவலைப்படாமல் கிட என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் ரேடியோ இருந்தது. கடைசி வாரம். ஜன்னலைத் திறந்துவைத்தால் இங்கேயே கேட்கும் என்று மதினி காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கட்டிலில், அவள் கீழே சுவரில் சாய்ந்தபடி. நாடகத்தின் ஆரம்ப இசை கேட்டது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரேடியோவில் யாரோ விவசாயிகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதினி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து நான் தூங்கிய முதல் நல்ல தூக்கம் அதுதான். அவளுக்கு எப்படியோ, நான் கேட்டதில்லை.

லயத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் சொல்லத் துடித்தார்கள். மதினி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "எங்க ரெண்டு பேர் காதுல எவளாவது போட்டீங்க, அவ குடத்தத் தூக்கி ஓடையில எறிஞ்சிருவேன்." செய்யக்கூடியவள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் குழந்தை அழுகிற இரவுகளில் அவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். போகும்போது வாசலில் நின்று, கணக்கப்பிள்ளை என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போவாள்.

நாங்கள் மலையிறங்கி ஊரோடு வந்த பிறகும், கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அந்தச் சண்டை தொடர்ந்தது. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த என் மகள், யாரையாவது விசாரித்து முடிவைத் தெரிந்துகொண்டு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மதினி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. எனக்கும் வயதாகிவிட்டது. சில காலைகளில் எழுந்திருக்கவே மனசு வருவதில்லை. இனி எழுந்து என்ன ஆகப்போகிறது, கிடப்போம் என்று கண்ணை மூடினால், கட்டிப்போன தொண்டையோடு "கணக்கப்பிள்ளைதாண்டி" என்ற அந்தக் குரல் காதோரம் வந்துவிடுகிறது. இல்லை மதினி, மூத்தவன்தான் என்று சொல்வதற்காகவாவது நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.