பனிக்குள் பேர் கூப்பிட்ட கங்காணி

லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்களை வேலை வாங்கும் எங்கள் கங்காணியை வைத்து ஒரு கதை எழுதினேன். கொஞ்சம் பிந்தி வந்த பெண்களைக்கூட வேலை கொடுக்காமல் விரட்டுகிறவர் அவர். அதைப் படித்த என் மனைவி, "இந்தாளு நாசமாப் போகட்டும்" என்று தாளை வைத்துவிட்டாள்.

பிறகு தோட்டத்தில் பஞ்சம் வந்தது. அது ஓய்ந்த வருடம், ஒரு ஞாயிறு பிற்பகல், மூடுபனிக்குள் கங்காணியின் குரல் கேட்டது. காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் தனியாக நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பஞ்சத்தில் செத்த பெண்களின் பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பிந்தினாலும் பரவால்ல, வா ஆத்தா" என்றார்.



அதைக் கதையில் சேர்த்தேன். மறுபடி படித்த மனைவி, "யாராச்சும் பதில் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் எழுதல."

"சொல்ல வைங்க. பாவம்."

அப்படியே எழுதினேன். அந்த ஞாயிறன்று பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நிஜமாகவே பதில் சொன்னது எனக்கும் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.