சிராப்பும் தெளிவான பானம்தான்

எனக்கு வந்த நோயின் பெயரிலேயே கொலை இருக்கிறது. அல்சரேட்டிவ் கொலைடிஸ். அதைக் கண்காணிக்கச் செய்கிற சோதனை கொலனோஸ்கோபி. அதிலும் கொலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் கொஞ்சம் பயந்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லக்கூடாது. என் மனைவி சொல்கிறாள்.

சொந்தக்காரர்களுக்கு அந்தப் பெயரில் முதல் பாதிதான் காதில் விழும். அல்சரா, தயிர் சாப்பிடு, மணத்தக்காளிக் கீரை சாப்பிடு என்பார்கள். இது இரைப்பைப் புண் இல்லை, பெருங்குடல் நெடுக வருகிற புண் என்று பந்தியில் உட்கார்ந்து எப்படி விளக்குவது? நோய் வந்த நாளிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் படாத பாடு பட்டேன். ஒரு நாளைக்குப் பத்து முறை ஓட்டம், ஓடிய இடத்திலெல்லாம் ரத்தம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் எந்தப் பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியாக விழும் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். பிறகு மருந்து ஒத்துக்கொண்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு நோயை மறந்து வாழப் பழகிவிட்டேன்.

டாக்டரம்மா மறக்கவில்லை. அவர் சீனப் பெண்மணி, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பொறுமையாகப் பேசுவார். குடல் அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பல வருஷமாகப் புண்ணாகி ஆறிய குடலில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அது வலிக்காமல் வரும், அதனால் இனிமேல் இரண்டொரு வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கோப் செய்து பார்த்துக்கொள்வது நல்லது என்றார். குடலில் ஓட்டை விழுவது அபூர்வம், இருந்தாலும் சொல்வது என் கடமை என்றார். செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து சேரும்போது என்னிடம் மிச்சம் இருந்த சொல் 'ஓட்டை' ஒன்றுதான்.

நான் செய்வது கல்யாண வீடியோ எடுக்கும் தொழில். காலையில் குளித்த ஈரம் காயாத மணப்பெண்கள் கேமராவைப் பார்த்து மிரளும்போது, "ரிலேக்ஸ்லா, கேமரா என்ன கடிக்கவா போகுது?" என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஸ்கோப் என்றால் நீளமான குழாயின் முனையில் கேமரா என்று கேட்டதும் மனைவி வேறு எதுவும் பேசவில்லை. அந்த வசனத்தை மட்டும் என் குரலிலேயே திருப்பிச் சொன்னாள்.

நான் பலரிடம் கருத்துக் கேட்டேன். கேட்டவர்கள் எல்லாருமே எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லக்கூடியவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டி விற்கும் என் கூட்டாளி சம்பங்கியைக் கோர்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னான்.

"மச்சான், சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லா சாப்பிடுறே, நல்லா போறே. அப்புறம் உள்ள போய் என்னத்தத் தேடப் போறாங்க?"

இதைவிடப் பெரிய மருத்துவ ஆலோசனை எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் மனைவிக்காகத் தேதி வாங்குவேன், பிறகு தொலைபேசியில் கூப்பிட்டுத் தள்ளிப்போடுவேன். முதல் தடவை தைப்பூச விரதம். இரண்டாவது தடவை ஆவணியில் வரிசையாக முகூர்த்தம். மூன்றாவது தடவை இருமல். குழாய் போகப்போவது எந்த வழியாக, இருமுவது எந்த வழியாக என்று நானே யோசித்திருக்கலாம். தொலைபேசியை எடுத்த தமிழ்த் தாதிப் பெண் யோசித்திருப்பாள் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல அங்கிள், இருமல் நின்னதும் கூப்பிடுங்க" என்றாள்.

அன்று இரவு சாப்பாட்டில் மனைவி கேலி செய்யவில்லை. என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏங்க, உங்களுக்குத் தெரிய வேணாம்னா பரவால்ல. எனக்குத் தெரியணும். ராத்திரி நீங்க பாத்ரூம் போற சத்தம் கேட்டா, திரும்பி வர்ற வரைக்கும் நான் முழிச்சிட்டுதான் படுத்திருக்கேன். பன்னெண்டு வருஷமா."

மறுநாள் நாலாவது தடவையாகத் தேதி வாங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கிளினிக் எண்ணைக் கைப்பேசியில் முதல் இடத்தில் வைத்திருந்தேன். தேவைப்பட்டால் அன்று காலையில்கூடக் கூப்பிட்டு ரத்து செய்துவிடலாமே.

அந்த நாளும் வந்தது. ஸ்கோப் பிற்பகல் இரண்டு மணிக்கு. மனைவி அரை நாள் வேலைக்குப் போயிருந்தாள், மதியம் வந்து என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பேதிக்கான பொடியைக் கரைத்து நான் தனியாகக் குடிக்க வேண்டும். போர்ட் கிள்ளான் கடலில் எலுமிச்சம்பழத்தை ஊறப்போட்டால் அந்த ருசி வரும். ஒவ்வொரு கோப்பைக்கும் பிறகு வாய்க்கு இதமாக ஏதாவது வேண்டியிருந்தது. கிளினிக்கில் கொடுத்த தாளைப் பார்த்தேன். தெளிவான பானங்கள் மட்டும் குடிக்கலாம் என்று மலாயில் போட்டிருந்தது. மனைவி பிளாஸ்கில் தே ஓ போட்டு வைத்திருந்தாள், பால் இல்லாத தேநீர். ஆனால் அலமாரியில் சிராப் போத்தல் இருந்தது.

சிராப் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்ததில்லை என்று அர்த்தம். ரோஜா வாசனைச் சர்க்கரைப் பாகு, குளிர்ந்த தண்ணீரில் கலந்து மண்டபத்து வாசலிலேயே நீட்டுவார்கள். என் உடம்பில் ஓடுவதில் பாதி அதுதான். ஆனாலும் நான் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து, சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். டம்ளர் வழியாக அன்றைய ராகு காலத்தைப் படிக்க முடிந்தது. தெளிவு என்றால் வேறு என்ன? நாலு டம்ளர் குடித்தேன்.

பத்து மணிக்கு மேல் நான் கழிப்பறையிலேயே குடியிருந்தேன். முதலில் எல்லாம் தாளில் சொன்னபடிதான் நடந்தது. பிறகு எழுந்து திரும்பிப் பார்த்தேன். சிவப்பு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வேடிக்கையாக எழுத நினைத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நான் முதன்முதலாகப் பார்த்ததும் இதே நிறம்தான். இத்தனை நாள் குழாய்க்கும் கேமராவுக்கும் ஓட்டைக்கும் பயப்படுவதாக நடித்திருக்கிறேன். உண்மையில் பயந்தது இந்தச் சிவப்புக்கு. அது மறுபடியும் வந்தால் என்ன பெயரோடு வரும் என்பதற்கு. ரத்து செய்வதற்காக முதல் இடத்தில் வைத்திருந்த எண்ணை அமுக்கினேன்.

அதே தாதிப் பெண் எடுத்தாள். நான் பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க அங்கிள், இன்னிக்கி என்னா?" என்றாள்.

"இப்பவே வரலாமா? ரத்தம் போவுது. நிறைய."

அவள் குரல் மாறியது. தலை சுற்றுகிறதா, வயிறு வலிக்கிறதா, கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அங்கிள், காலைலேர்ந்து என்ன குடிச்சீங்க?"

"அந்த மருந்துத் தண்ணி. அப்புறம் சிராப்."

"கொடுத்த பேப்பர்ல பின்பக்கம் பாத்தீங்களா?"

தாளைத் திருப்பினேன். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. தொலைபேசியின் மேல் ஒரு கை மூடுகிற சத்தமும், மூடிய கைக்குள்ளிருந்து இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டன. பிறகு அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: இனி வெறும் தண்ணீர் மட்டும், சொன்ன நேரத்தோடு நிறுத்திவிட வேண்டும், என்னை வரிசையில் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள். தலை சுற்றினால் காத்திருக்காமல் உடனே வந்துவிட வேண்டும். வைப்பதற்கு முன்னால், "வருவீங்கதானே அங்கிள்?" என்றாள்.

வருவேன் என்றேன். சிராப் என்று தெரிந்த பிறகும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீரை ஊற்றினேன். இன்னொரு தடவை இந்த நிறத்தைப் பார்த்து நானே கதை கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

மனைவி வந்தாள், கதையைக் கேட்டாள், கார் சாவியை எடுத்தாள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோதுதான் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். "ராகு காலம் படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஊசி போட்டார்கள், கண்ணைத் திறந்தபோது முடிந்திருந்தது. என் வாழ்க்கையில் நானே இல்லாமல் எடுத்த முதல் வீடியோ. பழைய தழும்புகள் இருக்கின்றன, வேறு எதுவும் கண்ணில் படவில்லை, அங்கங்கே துளி துளியாகச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம் என்றார் டாக்டரம்மா. இரண்டு வாரம் கழித்து, அதிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்று இரவுதான் என் மனைவி அரிசி மூட்டை சாய்ந்ததுபோலத் தூங்கியதைக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். குறட்டை அப்படி.

மறுபடி இரண்டு வருஷத்தில் பார்க்கலாமா, உங்கள் முடிவு என்று டாக்டரம்மா கேட்டபோது நான் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. தாதிப் பெண் அட்டையில் வருஷத்தையும் மாதத்தையும் எழுதி, கீழே சிவப்பு மையில் 'சிராப் கூடாது' என்று இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள். அது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எனக்குச் சர்க்கரை நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு வருஷம் இப்போது முடியப் போகிறது. போன வாரம் செமினியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புதுவீடு, கிரகப்பிரவேசம், அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை, நீங்களே வந்து எடுக்க வேண்டும் என்றார். தேதியைக் கேட்டேன். கிளினிக்கைக் கூப்பிட்டு வாங்கி நான் அட்டையில் குறித்து வைத்திருந்த அதே வெள்ளிக்கிழமை. இதைவிட அருமையான சாக்கு இனிமேல் அமையாது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"அன்னிக்கி முடியாதுண்ணே" என்றேன். "எனக்கே ஒரு ஷூட்டிங் இருக்கு."

பாத்திரச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.