வைத்தியநாதன் சார் அழித்த பாடம்

மும்பை சயான் ஸ்டேஷனில் இறங்கும்போது பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: வைத்தியநாதன் சார் காலமானார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர். நான் படியேறி முடிப்பதற்குள் குழு முழுக்கக் கூப்பிய கைகள். 'தேசத்தைக் கட்டியவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் எதுவும் போடவில்லை. போட நினைத்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலர் கோபித்துக்கொள்வீர்கள்.

"வாத்தியாரை ஒழுங்கா உருவாக்கினா தேசம் தானா உருவாகும்" என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வார். உருவாக்குவது என்றால் அவருக்கு அச்சில் வார்ப்பது. அச்சுக்குள் அடங்காதவர்களை வெளியே தள்ளிவிடுவார்.

என் பயிற்சி வகுப்பு தாராவியில், ஒரு தமிழ்ப் பள்ளியில். நான்காம் வகுப்புக்குப் பின்னம். 'நான்கில் ஒரு பங்கு' என்று மூன்று முறை சொன்னேன். பிள்ளைகள் விழித்தார்கள். நானும் கால் கிலோவைப் 'பாவ் கிலோ' என்னும் அந்தத் தெருக்களில் வளர்ந்தவள்தானே. "பாவ் கிலோ தக்காளி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். வகுப்பே கை தூக்கியது. "மிஸ், நாலு பாவ் சேந்தா ஒரு கிலோல்லா!" என்று ஒரு சிறுமி எழுந்தே நின்றுவிட்டாள். அதை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் உட்கார்ந்து என் வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த சார் எழுந்து வந்தார். டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தார்.

"இது கிளாஸா, சப்ஜி மண்டியா? சுத்தமா நாலு வார்த்தை தமிழ் வராதவளுக்கு டீச்சர் உத்யோகம் எதுக்கு?"

"சார், பிள்ளையளுக்கு இப்பதான் வெளங்குது..."

"வெளங்கறது இருக்கட்டும். நீ போய் உக்காரு."

உட்கார்ந்தேன். நின்றிருந்த சிறுமியும் உட்கார்ந்தாள்.

அந்த ஆண்டு நான் தேறவில்லை. தோல் பட்டறை வைத்திருந்த வாப்பா, "போதும் ஜைனபு, மாப்பிள்ளை பாக்கேன்" என்றார். சண்டை போட்டு மறுபடி சேர்ந்தேன். சாருடைய பாடக்குறிப்பை எழுத்து மாறாமல் ஒப்பித்துத் தேறினேன். என்னோடு சேர்த்து அவர் தேறவிடாமல் நிறுத்திய வகுப்புத் தோழி செல்வி திரும்பி வரவேயில்லை. சுனாபட்டியில் ஏதோ ஒரு ஆபீசில் டேட்டா என்ட்ரி செய்கிறாள். என்னைவிட நல்ல ஆசிரியையாக இருந்திருப்பாள். சார் தேசத்துக்குக் கொடுத்ததைச் சொல்கிறவர்கள், தேசத்துக்கு இல்லாமல் செய்ததையும் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில் அவரைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். நான் மாநகராட்சிப் பள்ளியில் வேலையில் இருந்தேன். மேடையில் அவர், "குழந்தையோட பாஷையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பாவ் கிலோவைச் சொல்லிட்டுப் பின்னத்துக்குப் போங்கோ. நான் எத்தனையோ வருஷமா சொல்லிண்டிருக்கேன்" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"சார், அந்தப் பாடத்தை நடத்துனவ நான். போர்டை அழிச்சது நீங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். மைக்கை விட்டு விலகவில்லை.

"ஆமாம்மா, அழிச்சேன்" என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்தும் என் பக்கம் வரவில்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த 'ஆமாம்' என்னிடம் இருக்கிறது. தன்னைப் புகழ வந்த கூட்டத்தின் முன்னால் அதைச் சொல்வது லேசல்ல.

இப்போது என் வகுப்புக்கும் பயிற்சி ஆசிரியைகள் வருகிறார்கள். போன மாதம் ஒருத்தியை அவசரப்பட்டு நடுவில் திருத்திவிட்டேன். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பிள்ளைகள் கேட்கும்படியே சொன்னேன்: "ஆமாம்மா, தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ."

முதல் சொல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. மீதி, அவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது.