நாலாவது தூணில் குத்தம்

தூணைச் சுத்தியலால் தட்டி, அந்த அதிர்வு மறுபக்கம் ஒட்டிவைத்த கருவிக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து உள்ளே பழுது இருக்கிறதா என்று சொல்வது எங்கள் தொழில். எண்பதுகளில் குன்னம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புதுக் கட்டடம், நாலாவது தூணில் விரிசல். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அசையக் கூடாது

நான் தட்டும்போதெல்லாம் அரியலூர்ப் பக்கம் போகும் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கடக்கும், கருவி துள்ளும். லாரி ஓய்ந்தால் சத்துணவுக் கூடத்தில் அம்மிச் சத்தம். அரைப்பதை நிறுத்தச் சொன்னேன். சமைக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தூணுக்கு வைத்தியம் பாருங்க சார், வேணாங்கல. அதுக்காவ புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

கழிப்பு

"நாலாவது தூண்ல ஏதோ குத்தம் இருக்குங்க" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் லாட்ஜுக்குப் போனேன். காலையில் வந்தால் தூண் முழுக்க மஞ்சள், குங்குமம், வேப்பிலை. அடியில் அறுத்த எலுமிச்சம்பழம். திரும்பத் தட்டினேன். அதிர்வு நேற்றைவிட வேகமாக வந்தது, அதாவது தூண் நேற்றைவிடக் கெட்டி! மஞ்சள் பூச்சில் கருவி நன்றாக ஒட்டியதாலா, வேறெதனாலாவதா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பஞ்சாயத்துத் தலைவருக்கு மட்டும் குழப்பமே இல்லை.

"குத்தம்னு நீங்கதானே சொன்னீங்க? கழிச்சுட்டோம்."

ரெண்டு கணக்கு

மேலும் கீழும் சாய்வாகவும் தட்டி எடுத்த நேரங்களைக் கணக்குப் போட்டேன். தூணுக்குள் ஒரு பெரிய பொந்து இருந்தாலும் அதே நேரம்தான் வருகிறது. பொந்தே இல்லாமல் சிமென்டுக் கலவை மட்டமாக இருந்தாலும் அதேதான் வருகிறது. இரண்டையும் தலைமையாசிரியரிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள உக்கார வெக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க சார்."

உடைத்தார்கள்

பயத்தில் "வேண்டாம்" என்றேன். கூரைக்கு முட்டுக் கொடுத்துத் தூணை உடைத்தார்கள். நான் மார்பு உயரத்தில் குறி போட்டிருந்தேன். அங்கே கெட்டியாக இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் கடப்பாரை பொசுக்கென்று உள்ளே போனது. இரண்டு கை நுழையும் பொந்து, அதற்குள் கட்டும்போதே திணித்த கோணிச்சாக்கு, மேலே பூச்சு. தலைவர் எலுமிச்சம்பழத்தைக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், நல்லவேளை அன்னிக்கே கழிச்சோம். இல்லாட்டி புள்ளைங்க தலையில வுழுந்திருக்கும்."

பிள்ளைகளைக் காப்பாற்றியது நானா எலுமிச்சம்பழமா என்று அந்த ஊரில் யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.