ஜீப்புக்கு எதிரில் நின்றவன்

தகுதிச் சான்றிதழ் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு, அதாவது எஃப்.சி.க்குப் போகிற அன்று மட்டும் மாமாவின் ஜீப் நல்ல பிள்ளை. மற்ற நாட்களில் அதைச் சாலையில் பார்த்த எந்தப் போலீஸ்காரரும் நிறுத்தாமல் விட்டதில்லை.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த புதிதில், செங்கல்பட்டிலிருந்து அங்கே ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஒன்றைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார். வேனில் உட்கார்ந்தால் அவரைப்போல நிதானமான ஆள் கிடையாது. ஜீப்பில் ஏறினால்தான் மனிதர் தலைகீழ். கோவளத்தில் மணலில் படகு இழுத்துக்கொண்டிருந்த பழைய ஃபோர் வீல் ஜீப் அது. உப்புக்காற்றில் அடித்தகடு சல்லடையாகிக் கிடந்தது. இதை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். "பாறை மேல ஏத்தறதுக்கு மச்சான்" என்றார், கடைக்குப் போய்வர என்கிற மாதிரி.

ஏற்றினார். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை அரைச்சாண் தூக்கினார். பெரிய பட்டன் டயர் போட்டார். பம்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் அறுத்த வேறொன்றைப் போட்டார். தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு அடித்தார். சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் இழுபடக் கூடாது என்று, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ்களையும் நீளமானதாக மாற்றினார். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. அதற்கு முதல் நாள் இத்தனையையும் கழற்றிவிட்டு, சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய சாமான்களைத் திரும்ப மாட்டுவார். சான்றிதழ் கைக்கு வந்ததும் மறுபடி எல்லாம் தலைகீழாக நடக்கும். ஊரை ஏமாற்றுகிறோம் என்ற வெட்கம் கொஞ்சமும் கிடையாது. அதில் அவருக்கு ஒரு குஷியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் போகும் வழியில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றுக்குப் போவார். கூடுவாஞ்சேரியிலிருந்தும் இரண்டு ஜீப்புகள் வரும். பாறை ஏற்றுவதில் வேகமே இல்லை. ஆமை நகர்வதுபோல ஒவ்வொரு சக்கரமாக வைத்து ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பானெட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் எதிரில் ஒருவன் நின்று கையைக் காட்ட வேண்டும்.

அந்த ஒருவன் நான். ஆசைப்பட்டுப் போனவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். வாரமெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப்புக்குக் கையாட்ட எனக்கென்ன தலையெழுத்தா? என்னை அங்கே நிறுத்தியது அக்கா. ஒரு முறை மாமா தாடை கிழிந்து தையலோடு வந்தார். அன்று அவள் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தாள். ஜீப்பை விற்கச் சொன்னாள், அவர் மசியவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"இனிமே நீயும் போடா. எதுர்ல நீ நில்லு. வேற எவன் நின்னாலும் அந்த மனுசன் அடங்க மாட்டாரு. பொண்டாட்டி தம்பி நின்னுகினு இருந்தா கால் பிரேக்குலயே கீதும். அவர முழுசா இட்டாந்து வுடு, அது போதும்."

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் நிற்க ஆரம்பித்த பிறகு மாமா ஒரு கீறல்கூட வாங்கவில்லை. நான் கையைத் தூக்கினால் நிற்பார். "உங்க அக்கா உன்ன ஸ்பீட் பிரேக்கரா போட்டு வெச்சிருக்கா மச்சான்" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் எஃப்.சி. முடிந்து வந்தது சனிக்கிழமை மதியம். மறுநாள் குவாரிக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் மாமாவே தனியாக எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். பட்டை ஏறியது, டயர் ஏறியது. முன்சக்கரத்து ஹோஸ்களை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். பழைய குட்டை ஹோஸ்களே இருந்தன. அது எனக்கு அன்று தெரியாது. மறுநாள் மதியம் வண்டியைத் தூக்கி நிறுத்தியபோதுதான், ஹோஸ் அறுந்து தொங்கியதைக் கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் காட்டினார்.

ஞாயிறு காலை ஒரு சரிவுப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று பின்வாக்கில் நடந்தபடி கை காட்டினேன். எனக்கு ஒரு பக்கம் உருண்டைப் பாறைகள், மறுபக்கம் தண்ணீர் தேங்கிய பள்ளம். எனக்குப் பின்னால் வெறும் சரளைத் தரை, மைதானம்போல. முன்சக்கரங்கள் ஒரு படியிலிருந்து தொப்பென்று இறங்கின. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அவர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தார். ஜீப் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக் என்றைக்கும் பேருக்குத்தான். வண்டி என்னைப் பார்த்து வந்தது. ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூக்கிய கையோடு அப்படியே நின்றேன்.

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். இடது சக்கரங்கள் உருண்டைப் பாறை மேல் ஏற, ஜீப் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கூண்டு அவர் தலையைக் காப்பாற்றியது. விழும்போது கூண்டின் குழாயைப் பற்றிய வலது கை அதற்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். அக்கா ஓடி வந்து முதலில் என் தோளையும் முதுகையும் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணியும் ஆவலியே? எங்க நின்னுகினு இருந்த?"

"எதுர்லதான்க்கா."

"உனக்குப் பின்னாடி இன்னா இருந்துச்சு?"

சொன்னேன். வெறும் சரளைத் தரை என்று. பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. நான் அங்கே நின்றிராவிட்டால் ஜீப் நேராகக் கீழே ஓடி, தானாக நின்றிருக்கும். அவளுக்கு அது புரிய ஒரு நிமிடம் பிடித்தது. எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி இவரிடம் எவன் கேட்டான் என்று.

மாலையில் மாமாவுக்கு நினைவு வந்தது. எங்கள் இருவரையும் பார்த்தார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பரீட்சையில் பாஸான பையனிடம் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"உன் தம்பி மேல ஒரு கீறல் கிடையாது, பாரு" என்றார் அக்காவிடம். "முழுசா இட்டாந்து குடுத்துட்டேன்."

அக்கா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.